உடன் வந்தவர் எங்கே?



சென்ற ஆண்டு எங்கள் மூத்த மகன் வளைகுடா நாடொன்றுக்கு வேலைக்குப் புறப்பட்டான். நெடும்பாசேரியில் உள்ள கொச்சி விமான நிலையத்தில் அதிகாலையில் அவனை வழியனுப்பிவிட்டு, நானும் என் துணைவியாரும் எர்ணாகுளம் வந்து சேர்ந்தபோது காலை மணி எட்டு. ஊர் திரும்பும் ரயிலோ இரவில்தான். நிலையத்திலேயே பகலைக் கழித்துவிடலாம் என்பது என் எண்ணம்.

"என்னங்க, இவ்வளவு தூரம் வந்துட்டோம். கடலைப் பார்த்துட்டுப் போகலாமா?" என்றார் அவர்.

எங்களுக்குத் திருமணமாகி இருபத்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. படுக்கையில் கிடந்த என் தாயாரைப் பேணியதிலும், பிள்ளைகளை வளர்த்ததிலும், ஒரு மதரஸா ஆசிரியரின் சொற்ப வருமானத்தில் குடும்பத்தை நடத்தியதிலும் அவருடைய ஆண்டுகள் கழிந்துவிட்டன. ஓர் ஊரைப் பார்க்க வேண்டும் என்று அவர் என்னிடம் கேட்டது அதுவே முதல் தடவை. மறுக்க மனம் வரவில்லை.

படகுத்துறைக்குச் சென்று கோட்டைக் கொச்சிக்குப் படகு ஏறினோம். அரசுப் படகில் கட்டணம் மிகக் குறைவு. 2023ஆம் ஆண்டு முதல் மின்கலத்தால் ஓடும் புதிய 'வாட்டர் மெட்ரோ' படகுகளும் இக்காயலில் ஓடுகின்றன. ஒருபுறம் வல்லார்பாடத்தின் சரக்குப் பெட்டகத் துறை. மறுபுறம் வில்லிங்டன் தீவு. இத்தீவின் பெரும்பகுதி இறைவன் படைத்த நாளில் இருந்ததன்று. 1920இல் இங்கு வந்த இராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலப் பொறியாளர், கப்பல்கள் நுழையத் தடையாயிருந்த மணல்திட்டைத் தோண்டி வழி அமைத்தபோது, அள்ளிய மண்ணைக் கொட்டி உயர்த்திய நிலம். 1928இல் உட்துறைமுகத்துக்குள் கப்பல் நுழைந்தது. அதற்கும் முன்னர், 1341இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளமே பழைய முசிறித் துறையைத் தூர்த்துக் கொச்சியின் வாயிலைத் திறந்துவிட்டது என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. ஒரு துறை மூடினால் மற்றொரு துறை திறக்கிறது!

இவற்றையெல்லாம் நான் பாடம் நடத்துவதுபோல் சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் தலையசைத்தபடி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். விமானம் ஒன்று மேற்கே சென்றுகொண்டிருந்தது.

கரையில் சீன வலைகளைக் கண்டோம். தேக்குக் கழிகளும் மூங்கில்களும் சேர்ந்த பெரிய ஏற்றம் அது. முன்புறம் வலை நீரில் தாழ, பின்புறம் கயிறுகளில் கட்டிய கனத்த கற்கள் அதற்கு எடை நிறுத்துகின்றன. நாலைந்து பேர் சேர்ந்து இழுத்தால்தான் வலை மேலெழும். முஸ்லிம் கடற்படைத் தலைவர் செங் ஹே காலத்தில் வந்தவை என்று சிலரும், போர்ச்சுகீசியர் வழியாக வந்தவை என்று சிலரும் கூறுவர். "ஒருத்தர் கையை விட்டாலும் வலை தண்ணிக்குள்ளேயே கிடக்கும் போலிருக்கே" என்றார் என் துணைவியார். அப்போது நான் அதைப் பெரிதாக எண்ணவில்லை.

அருகிலுள்ள புனித பிரான்சிஸ் தேவாலயத்தில், 1524இல் கொச்சியில் இறந்த வாஸ்கோ ட காமாவைப் புதைத்த இடத்தின் கல்லைக் காணலாம். அவர் எச்சங்கள் 1539இல் போர்ச்சுகலுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. எஞ்சியிருப்பது கல் மட்டுமே. அந்தப் போர்ச்சுகீசியர் மலபார்க் கரையில் இழைத்த கொடுமைகளை அரபியில் 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' என எழுதி வைத்தவர் பொன்னானியின் ஷைகு ஜைனுத்தீன் மக்தூம். அவருடைய பாட்டனார் பிறந்தது இதே கொச்சியில். அவர்கள் முன்னோர் நம் தமிழகக் கரையான மஅபரிலிருந்து இங்கு வந்தோர் என்பர்.

மட்டாஞ்சேரிக்கு ஆட்டோவில் சென்று அரண்மனை அருங்காட்சியகத்தைக் கண்டு, 1568இல் கட்டப்பட்ட யூதர் ஆலயத்துக்கு வந்தோம். தரையெங்கும் சீனத்திலிருந்து வந்த, கையால் நீலம் தீட்டிய ஓடுகள். ஒன்றைப்போல் மற்றொன்று இராது என்பார்கள். அவர் குனிந்து ஒவ்வோர் ஓடாகப் பார்த்துக்கொண்டு நின்றார். நானோ, "வா, லுஹருக்கு நேரமாகிறது" என்று விரைவுபடுத்தினேன். அன்று முழுவதும் நான் முன்னால் நடந்தேன். அவர் பின்னால் வந்தார். எங்கள் ஊர்த் தெருவில் நடப்பது போலவே!

சுக்கும் மிளகும் மணக்கும் தெருவொன்றில் ஒரு பள்ளிவாசலைக் கண்டோம். பெண்கள் தொழுவதற்கு அங்கே இடம் இல்லை. "இப்படி இரு, வந்துவிடுகிறேன்" என்று வெளிப்படியில் அவரை அமர்த்திவிட்டு உள்ளே சென்றேன். ஜமாஅத் முடிந்தது. பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் அவ்வூர் வணிகக் குடும்பங்களின் வரலாற்றைச் சொல்லத் தொடங்கினார். வரலாற்றில் எனக்குள்ள ஆசையை வாசகர்கள் அறிவீர்கள். வெளியே வந்தபோது முக்கால் மணி நேரம் கடந்திருந்தது.

படியில் அவரைக் காணவில்லை.

தெருவின் இரு கோடியிலும் ஓடிப் பார்த்தேன். அவருடைய கைப்பேசி என் தோள்பையில் இருந்தது, பணமும் என்னிடமே. மொழி தெரியாத ஊர். கடைக்காரர் ஒருவர், "என்ன நிறத்துச் சேலை?" என்று கேட்டார். வாய் திறந்தேன், விடை வரவில்லை. விடியற்காலையிலிருந்து உடன் வருபவர் என்ன நிறம் உடுத்தியிருக்கிறார் என்பது எனக்குத் தெரியவில்லை! 1341ஆம் ஆண்டு வெள்ளம் தெரிந்திருந்தது. 1568ஆம் ஆண்டுக் கட்டடம் தெரிந்திருந்தது. இது தெரியவில்லை.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. முதிய பெண்மணி ஒருவருடன் என் துணைவியார் வெளியே வந்தார். வெயிலில் அவர் காத்திருந்ததைக் கண்ட அந்த அம்மையார், "மோளே, வெயிலத்து நிக்கண்டா, அகத்து வா" என்று கையைப் பிடித்து அழைத்துப் போயிருக்கிறார். ஒளுச் செய்ய நீர் கொடுத்து, தொழுகை விரிப்பை விரித்துக் கொடுத்து, சுலைமானித் தேநீரும் கொடுத்திருக்கிறார். "காலையிலேருந்து கழிப்பறை தேடினேன். உங்ககிட்ட எப்படிக் கேட்கறதுன்னு சும்மா இருந்துட்டேன்" என்று என் துணைவியார் தாழ்ந்த குரலில் சொன்னபோது நான் குறுகிப்போனேன்.

அண்ணலார் (ஸல்) அவர்கள் தம் துணைவியார் ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் வைத்ததையும், அபிசீனியரின் ஈட்டி விளையாட்டை அவர்கள் சலிக்கும்வரை பார்க்கச் செய்து உடன் நின்றதையும் ஆண்டுதோறும் மாணவர்க்குப் பாடம் சொல்பவன் நான். சொன்ன பாடத்தை என் வீட்டுக்குள் கொண்டுவர எனக்கு இருபத்து மூன்று ஆண்டுகள் பிடித்தன.

மாலையில் மீண்டும் கடற்கரைக்கு வந்தோம். இம்முறை அவர் நடைக்கு ஏற்ப என் நடையைக் குறைத்துக்கொண்டேன். சேலை வெளிர்பச்சை, ஓரத்தில் சிறு பூக்கள். மேற்கே கதிரவன் இறங்கிக்கொண்டிருந்தான்.

"நம்ம பிள்ளை இந்தக் கடலுக்கு அந்தப் பக்கந்தானே இருக்கான்?"

"ஆம்" என்றேன். தென்மேற்குக் காற்றில் பாய் விரித்து வந்து, வடகிழக்குக் காற்றில் திரும்பிய அரபு மரக்கலங்களைப் பற்றிச் சொல்ல நாக்கு எழுந்தது. அடக்கிக்கொண்டேன். அவர் அழுது முடிக்கும்வரை அருகில் அமர்ந்திருந்தேன். விமான நிலையத்தில் அவர் அழவில்லை. கடலைப் பார்க்க வேண்டும் என்று ஏன் கேட்டார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

இல்லறத் தலைவர்களே! செல்வம் இருந்தால்தான் மனைவியை வெளியே அழைத்துச் செல்ல முடியும் என்பதில்லை. எங்களுக்கு ஆன செலவு படகுக் கட்டணமும் ஆட்டோ வாடகையும் இரண்டு வேளை உணவும்தான். கொச்சிக்குச் செல்வோர் வெள்ளிக்கிழமையைத் தவிர்த்திடுக. அன்று அரண்மனையும் யூதர் ஆலயமும் மூடியிருக்கும். ஆலயத்துக்குச் சனியும் விடுமுறை. புறப்படும்போதே, உடன் வருபவரின் கைப்பேசியும் சிறிது பணமும் அவர் கையிலேயே இருக்கட்டும். ஒளுவுக்கும் ஓய்வுக்கும் இடம் எங்கே என்பதை முதலில் கேட்டறிந்து, பின்னர் வரலாற்றைக் கேளுங்கள்.

ஜமாஅத் பெரியோர்களே! பயணிகள் வரும் தெருக்களில் உள்ள நம் பள்ளிவாசல்களின் ஓரத்தில், பெண்களுக்கென ஒரு சிற்றறையும், ஒரு குழாயும், ஒரு கழிப்பறையும் அமைப்பது நம் சக்திக்கு மீறியதன்று. எல்லாப் பயணியருக்கும் எதிர்வீட்டுக் கதவு திறக்கும் என்று சொல்ல முடியாது.

அந்த அம்மையாரின் பெயரைக் கேட்காமலே வந்துவிட்டேன் என்று ரயிலில் வருந்தினேன். "நான் கேட்டு வெச்சிருக்கேன். அஞ்சு வேளையும் துஆவிலே சேர்த்துக்கலாம்" என்றார் என் துணைவியார்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம்.