பை வீடு தேடி வருகிறது, முட்டை வரவில்லை

எங்கள் புதியம்புத்தூரில் ஒருவருக்குச் சிறுநீரகம் பழுது என்று தெரிந்தால் போதும், பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் டாக்டராகிவிடுகிறார்கள். "பருப்பைத் தொடாதே, முட்டை ஆகாது, கஞ்சி மட்டும் குடி" என்பார்கள். டயாலிசிஸ் தொடங்காதவர்களுக்குப் புரதத்தைக் குறைக்கும்படி டாக்டர்களே சொல்வதுண்டு. ஆனால் வயிற்றில் குழாய் வைத்து வீட்டிலேயே பை மாற்றுகிறவர்களுக்கும் அதே பத்தியத்தைச் சொல்வது பெரிய கெடுதல்.

பெரும்பாலும் அவர்கள் நாளைக்கு 4 தடவை, தடவைக்கு 2 லிட்டர் சர்க்கரை கலந்த மருந்துத் தண்ணீரை வயிற்றுக்குள் விட்டு வெளியே எடுக்கிறார்கள். வயிற்றின் உள்சவ்வு வழியாகக் கழிவு அந்தத் தண்ணீரில் இறங்கும்போது, ரத்தத்திலுள்ள ஆல்புமின் முதலான புரதமும் கூடவே போகிறது. தினமும் 5 முதல் 15 கிராம் வரை போகலாம். வயிற்றில் கிருமி தொற்றினால் இன்னும் கூடும். போதாக்குறைக்கு, அந்தச் சர்க்கரை உடம்பில் ஏறிப் பசியையும் மந்தமாக்கும். அதனால்தான் இவர்கள் உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் சாப்பிட வேண்டும் என்கிறது மருத்துவம். 50 கிலோ ஆளுக்கு 50, 60 கிராம். கஞ்சியில் அது வருமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ரேஷன் கடையில் ஒரு கார்டுக்கு மாதம் 1 கிலோ துவரம்பருப்பு. அதில் உள்ள புரதம் ஏறக்குறைய 220 கிராம், நாளொன்றுக்கு 7 கிராம். குடும்பம் முழுவதற்குமான பருப்புச் சத்து ஒருவருடைய பையிலேயே போய்விடுகிறது!

2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்தப் பைகள் வீட்டுக்கே வருகின்றன. நல்ல காரியம், பாராட்டுகிறேன். நாள் முழுக்கத் தையல் மெஷினில் உட்கார்ந்து பிழைக்கிறவர் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் தூத்துக்குடிக்கு அலைய வேண்டியதில்லை. ஆனால் பை எடுத்துக்கொண்டு போகிற சத்தை யார் திருப்பிக் கொடுப்பது? காசநோயாளிகளுக்குச் சத்துணவுக்கென்று 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1000 ரூபாயும் மத்திய அரசு கொடுக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் 5 முட்டை போடுகிற மாநிலம் நம்முடையது. இவர்களுக்கு மட்டும் ஏன் இல்லை?

"முட்டையில் பாஸ்பரஸ் இருக்கிறதே" என்று சிலர் கேட்கலாம். அது மஞ்சள் கருவில்தான் அதிகம். வெள்ளைக்கருவில் மிகக் குறைவு; ஒன்றில் மூன்றரை கிராம் புரதமும் உண்டு. யாருக்கு எவ்வளவு என்பதை டாக்டர் சொல்லட்டும். வாங்கக் காசில்லாதவருக்கு அந்தச் சீட்டால் என்ன பயன்?

பை கொண்டுவருகிற வண்டியிலேயே முட்டையும் பயறும் வர வேண்டும். இதை நாம்தான் கிராம சபையில் எழுந்து கேட்க வேண்டும். அதுவரை, பை மாற்றுகிறவரைப் பார்க்கப் போனால் பத்தியம் சொல்லாதீர்கள். டாக்டர் எவ்வளவு சாப்பிடச் சொன்னார் என்று கேட்டு, ஒரு டஜன் முட்டை வாங்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.