விமானி பேசினால் நாடு கெடாது

ஓய்வுபெற்ற விமானி போர்க் குறைகளை எழுதினால் எதிரிக்குத்தான் லாபம் என்ற வாதம் வரலாற்றின் முன் நிற்காது. பாகிஸ்தானுடனான போரில், 1965 செப்டம்பர் 1 அன்று, சாம்ப் போர்முனையில் ஒரே மாலையில் 4 வாம்பயர் விமானங்களை இழந்தோம். அப்போது விமானப்படைத் துணைத் தளபதியாக இருந்தவர் பி.சி. லால். தரைப்படையும் விமானப்படையும் சேர்ந்து திட்டமிடாத குறையை 1986இல் வெளிவந்த அவரது நினைவுநூல் மறைக்கவில்லை. அதனால் எந்த எதிரி வென்றான்?

ரேடாரும் சங்கேதக் குறியும் ரகசியம்தானே என்பார்கள். உண்மைதான், அவற்றைக் காக்க 1923ஆம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டம் இருக்கிறது, ஓய்வுக்குப் பிறகும் அது பொருந்தும். ஆனால் ஆட்சியாளர் எடுத்த தவறான முடிவு ராணுவ ரகசியம் ஆகாது. அதன் விளைவைச் சுமப்பவர்கள் மக்கள். 1914இல் ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் சுட்டது சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளை. எனவே துறைமுகமும் ஆலைகளும் சூழ்ந்த வடசென்னைக் காலடிப்பேட்டை மக்களுக்குப் போர் முடிவுகளைக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு. 1962 சீனப் போர்த் தோல்வி பற்றி 1963இல் ஒப்படைக்கப்பட்ட ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை அரசு இனியாவது முழுமையாக வெளியிட வேண்டும்.