ஜீப்பை வித்தாச்சு, பேரை மாத்தியாச்சா?

"அப்பா வாங்கின ஜீப் சார்! ஒரு பொட்டுத் துரு கிடையாது!"

பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் இப்படித்தான் பெருமை பேசுவார்கள். பேசட்டும். மவுசு அப்படி!

வில்லிஸ் ஜீப்பின் பாகங்களை இறக்கி, பம்பாயில் பூட்டி விற்க ஆரம்பித்தது மகேந்திரா கம்பெனி. அது 1940-களின் கடைசி. போடி, கம்பம் பக்கம் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போனதும் ஜீப்தான். நாலு சக்கரமும் இழுக்கும், சேறாவது, மேடாவது! பிற்பாடு, பெட்ரோல் கட்டுப்படியாகவில்லை என்று பலர் டீசல் என்ஜினை மாட்டிவிட்டார்கள். அதனால்தான் அசல் பெட்ரோல் என்ஜினோடு ஒரு ஜீப் நின்றால், புரோக்கர்கள் ஈயாய் மொய்க்கிறார்கள்.

இங்கேதான் ஆபத்து!

"பேர் மாத்துறதை நான் பார்த்துக்கிறேன். 29, 30-ம் நம்பர் ஃபாரத்துல கையெழுத்து மட்டும் போடுங்க சார்" என்பார் புரோக்கர். நோட்டுக் கட்டைப் பார்த்த மயக்கத்தில் வெற்று ஃபாரத்தில் கையெழுத்து விழும். ஜீப் போய்விடும். ஆர்.சி. புத்தகத்தில் பேர் மட்டும் பழைய சொந்தக்காரருடையதே!

அந்த ஜீப் மூன்று கை மாறி, எங்கோ ஒரு மலை வளைவில் ஆள் மீது ஏறுகிறது. இன்சூரன்சும் இல்லை. நோட்டீஸ் யாருக்கு வரும்? 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு தெளிவாகச் சொல்லிவிட்டது: எத்தனை கை மாறினாலும் பதிவில் பேர் உள்ளவரே சொந்தக்காரர், நஷ்டஈடும் அவர் தலையில்தான். ஜீப் விற்ற பணம் போதாமல் வீட்டை விற்க வேண்டி வரலாம்.

விற்றவர் 14 நாளில் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். வெளிமாநிலத்துக்காரர் வாங்கினால் தடையில்லாச் சான்று வேண்டும். ஒரு நாள் லீவு போட்டால் என்ன குறைந்துவிடும்?

வாங்குகிறவரையும் ஏமாற்றக் கூடாது. 50 வயது தாண்டி, அசல் உருவம் மாறாத வண்டிக்கு 'வி.ஏ.' எழுத்தோடு தனி நம்பர் தர 2021-ல் விதி வந்தது. கட்டணம் 20 ஆயிரம் ரூபாய். 10 வருஷம் செல்லும். ஆனால் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேர் பார்க்க என்று எடுத்துப் போகலாமே தவிர, தினசரி ஓட்ட முடியாது. இதை மறைத்து, "எஸ்டேட்டுக்கு ஜோரா ஓட்டலாம்" என்று தள்ளிவிடுவது அநியாயம். டீசல் மாட்டிய வண்டியை 'ஒரிஜினல்' என்பதும் அப்படியே. என்ஜின் நம்பரைப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும்!

பேர் மாறிய பிறகே சாவி என்றால் புரோக்கர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். ஜீப் ஷெட்டிலேயே நிற்கட்டும். அது சோறா கேட்கிறது?