பூக்கடைக்குக் காதும் உண்டு

"பூக்கடைக்கு விளம்பரம் எதுக்கு? இணையக் குழுக்கள்ல ஒரு பதிவு போடுங்க, வாடிக்கையாளர் தானா வருவாங்க!"

பத்து வருடமாக எந்த ஸ்டார்ட்அப் கூட்டத்துக்குப் போனாலும் இந்த வசனம் மேடையேறிவிடுகிறது. போன மாதமும் கேட்டேன். சொன்னவருக்குப் பின்னால் அவர் கம்பெனியின் இருபதடி பேனர். விளம்பரம் தேவையில்லை என்று விளம்பரம் செய்ய வந்திருந்தார்.

முதலில் அந்தப் பூக்கடை. விடியற்காலை கோயம்பேடு பூ மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறாரா? கூவல் காதைப் பிளக்கும். தெருமுனைப் பூக்காரம்மாவும் கூவித்தான் விற்கிறார். கூவாத நேரத்தில், எந்த வீட்டில் என்ன விசேஷம் என்று காது கொடுத்துக் கேட்டுவைக்கிறார்.

"செலவே இல்லை" என்பது அடுத்த வாதம். ராத்திரி இரண்டு மணிவரை உட்கார்ந்து பதில் எழுதுகிறவனுக்குச் சம்பளம் இல்லை; அதனால் கணக்கில் வரவில்லை. அவ்வளவுதான்.

"நல்ல சரக்குக்குக் கூட்டம் தானே சேரும்." அப்படியா? 2005இல் ரெடிட் என்ற இணையக் குழுத் தளம் தொடங்கியபோது, ஆள் நடமாட்டம் தெரியட்டும் என்று நிறுவனர்களே பொய்ப் பெயர்களில் பதிவு போட்டார்கள். பிற்பாடு அவர்களே ஒப்புக்கொண்டதுதான். குழுவுக்கே கூட்டம் தானாகச் சேரவில்லை.

கடைசியாக எடுப்பது ஃப்ரெஷ்வொர்க்ஸ் பிரம்மாஸ்திரம். "ஒரு கமெண்டில் பிறந்த சென்னைக் கம்பெனி, 2021இல் நாஸ்டாக்கில்!" கதை உண்மை. அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஆட்டுகிறார்கள் என்பதுதான் என் எரிச்சல்.

அதன் நிறுவனர் கிரீஷ் மாத்ருபூதம் அமெரிக்காவிலிருந்து திரும்பியபோது, கப்பலில் வந்த டிவி உடைந்திருந்தது. காப்பீட்டுப் பணத்துக்கு மாதக்கணக்கில் அலைந்தார். நாடு திரும்புவோரின் இணையக் குழு ஒன்றில் நடந்ததை எழுதிய பிறகுதான் சாமான் அனுப்பிய கம்பெனியின் தலைவர் மன்னிப்புக் கேட்டார், பணமும் வந்தது. பிறகு 2010இல், வாடிக்கையாளர் சேவை மென்பொருள் விற்கும் ஜென்டெஸ்க் விலையை ஏற்றியது. ஹேக்கர் நியூஸ் என்ற இணையதளத்தில் அந்தச் செய்திக்குக் கீழே, சரியான விலையில் சரக்கு தருபவருக்கு இது நல்ல வாய்ப்பு என்று யாரோ எழுதியதைப் படித்தார். வேலையை விட்டார், 2011இல், பிற்பாடு ஃப்ரெஷ்வொர்க்ஸ் ஆன ஃப்ரெஷ்டெஸ்க் வெளிவந்தது.

இதில் அவர் எங்கே விற்றார்? ஓரிடத்தில் வாடிக்கையாளராகப் புலம்பினார். இன்னோரிடத்தில் பிறர் புலம்பலைப் படித்தார். படித்ததும் பொறி தட்டியதென்றால் அதற்குக் காரணம், ஜோஹோ கம்பெனியில் ஒன்பது வருடம் இருந்து, இதே மாதிரி மென்பொருளோடு மாரடித்த ஆள் அவர். அந்த ஒன்பது வருடத்தை விட்டுவிட்டுக் கமெண்டை மட்டும் சட்டம் போட்டு மாட்டுகிறார்கள்.

நானும் ஒரு காலத்தில் இந்த உபதேசத்தை நம்பியவன். எங்கள் பில்லிங் மென்பொருளின் லிங்க்கை, மளிகைக் கடைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் "வணக்கம் உறவுகளே" என்று போட்டேன். இரண்டு கட்டைவிரல் வந்தது. ஒன்று, என்னைக் குழுவில் சேர்த்துவிட்ட மச்சானுடையது. பத்தாவது நிமிடம் அட்மின் என்னைத் தூக்கிவிட்டார்.

கோபம் ஆறிய பிறகு, போனில் மிச்சமிருந்த பழைய பேச்சை மேலே தள்ளித் தள்ளிப் படித்தேன். ஒரு வாரமாக ஒரே புலம்பல்: கடன் நோட்டில் மழைத்தண்ணீர் பட்டு எழுத்தெல்லாம் கரைந்துவிட்டது, யார் எவ்வளவு பாக்கி என்று தெரியவில்லை.

எங்கள் மென்பொருளில் எல்லா வசதியும் இருந்தது. கடன் பாக்கி எழுதத்தான் இடமில்லை.