ஆங்கிலம் அறிவோம்: 'கூடாது' வேறு, 'தேவையில்லை' வேறு



மருந்துப் போத்தலின் லேபல், வெளிநாட்டுத் தொழில் ஒப்பந்தம், வங்கிப் படிவம் ஆகியவற்றில் 'நீங்கள் இதைச் செய்யுங்கள்' என்று நேரே எழுதுவதும் உண்டு. 'இது செய்யப்பட வேண்டும்' என்று செயப்பாட்டு வினையிலும் எழுதுவார்கள். அத்தகைய வசனங்களை வாசிக்கும் முறையை இம்மாதம் பார்ப்போம்.

தமிழில் எடுக்கலாம், எடுக்க வேண்டும், எடுக்கக் கூடாது என்கிறோம். அனுமதியா, கட்டளையா, தடையா என்பது கடைசியில்தான் தெரியவரும். ஆங்கிலத்தில் அது முன்னாலேயே வந்துவிடும். 'மஸ்ட்' என்றால் கட்டாயம். 'ஷுட்' என்றால் அப்படிச் செய்வதே முறை. 'மே' என்றால் செய்யலாம். இந்தத் துணைவினைக்குப் பிறகு 'பீ' வரும். அதன்பின் வினையின் மூன்றாம் வடிவம் வரும். 'மஸ்ட் பீ டேக்கன்' என்றால் கட்டாயம் எடுக்கப்பட வேண்டும். 'மே பீ டேக்கன்' என்றால் எடுக்கலாம்.

நம்மவர் பலர் தடுமாறும் இடம் 'நொட்' சேரும்போதுதான். 'மஸ்ட்' என்றால் வேண்டும், 'நொட்' என்றால் இல்லை. ஆகவே 'மஸ்ட் நொட் பீ கிவன்' என்பது 'கொடுக்க வேண்டியதில்லை' என்று கருதிவிடுகிறார்கள். அது தவறு. அதன் பொருள் 'கொடுக்கவே கூடாது' என்பதாகும். 'கொடுக்கத் தேவையில்லை' என்பதற்கு 'நீட் நொட் பீ கிவன்' என்றுதான் வரும்.

இந்த வித்தியாசம் சிறியதல்ல. அஸ்பிரினை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு அது, மூளையையும் ஈரலையும் தாக்கும் ஓர் அரிய நோயுடன் தொடர்புபட்டது. அதனால் பிரித்தானியாவில் 1986 இல் 12 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு வைத்தியர் சொன்னாலன்றிக் கொடுக்கலாகாது என்று அறிவித்தார்கள். 2002 இல் அந்த வயதை 16 ஆக உயர்த்தினார்கள். இப்படியொரு எச்சரிக்கையில் 'மஸ்ட் நொட்' என்பதைத் 'தேவையில்லை' என்று வாசிக்கும் தாய், 'கொடுத்தாலும் பாதகமில்லை' என்றல்லவா நினைப்பாள்?

அடுத்தது வினையடை. 'ஓல்வேய்ஸ்' (எப்போதும்), 'நெவர்' (ஒருபோதும் இல்லை), 'யூஷுவலி' (வழக்கமாக) போன்றவை பொதுவாகத் துணைவினைக்கும் 'பீ'க்கும் நடுவில் அமரும்: 'மஸ்ட் ஓல்வேய்ஸ் பீ டேக்கன்'. எப்படிச் செய்வது என்று சொல்லும் சொற்கள் மூன்றாம் வடிவத்தின் பக்கத்தில் நிற்கும்: 'மஸ்ட் பீ கெயார்ஃபுலி மெஷர்ட்' (கவனமாக அளக்கப்பட வேண்டும்), 'மஸ்ட் பீ ஷேக்கன் வெல்' (நன்றாகக் குலுக்கப்பட வேண்டும்).

நடுவில் நிற்கும் அந்தச் சிறு சொல்லைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ஒரு தொழில் ஒப்பந்தத்தில் 'வேஜஸ் வில் யூஷுவலி பீ பெய்ட் மன்த்லி' என்று இருந்தால், சம்பளம் 'வழக்கமாக' மாதாமாதம் கொடுக்கப்படும் என்றுதான் பொருள். ஒரு மாதம் தவறினால் அந்த 'யூஷுவலி'யையே காட்டிச் சமாதானம் சொல்ல இடமுண்டு. இன்னொன்றும் பாருங்கள்: யார் கொடுப்பது? வீட்டு எஜமானரா, முகவரா? செயப்பாட்டு வினையில் செய்பவரைச் சொல்லாமலே வசனத்தை முடித்துவிடலாம். ஆகவே 'பை' என்ற சொல்லைத் தேடுங்கள். அது இல்லையென்றால், கையொப்பம் இடுமுன் 'யாரால்?' என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.

பயிற்சி: இவற்றுக்குத் தமிழில் பொருள் சொல்லிப் பாருங்கள்.
1. த டோர் நீட் நொட் பீ லொக்ட்.
2. த டோர் மஸ்ட் நெவர் பீ லொக்ட்.
3. த டோர் ஷுட் ஓல்வேய்ஸ் பீ லொக்ட்.

விடைகள்: 1. கதவைப் பூட்டத் தேவையில்லை. 2. கதவை ஒருபோதும் பூட்டக் கூடாது. 3. கதவை எப்போதும் பூட்டி வைப்பதே முறை.

வீட்டிலுள்ள மருந்துப் பெட்டிகளை எடுத்து, பிள்ளைகளோடு சேர்ந்து இதே முறையில் வாசித்துப் பழகுங்கள்.