கடல் சுற்றி வந்த மது

தண்ணீர் நிரப்பவும் எண்ணெய் ஏற்றவும் நாம் பயன்படுத்தும் பீப்பாய், பெயரளவிலே தமிழன்று. அலமாரி, சாவி முதலியவற்றைப் போலப் போர்த்துக்கேயர் நம்மிடம் விட்டுச் சென்ற சொற்களுள் அதுவும் ஒன்று. மதுவை நிரப்பும் பெரிய மரக்கலத்துக்கு அவர்கள் இட்ட பெயர் 'பீப்பா' என்பது. அத்தகைய பீப்பாய்களுக்குள் நேர்ந்த ஒரு விந்தையையும், அதனால் வாழ்ந்து பின் வாடிய ஒரு தீவின் கதையையும் இவ்வாரம் வாசகர்களுக்குக் கூற விரும்புகிறோம்.

அத்திலாந்திக் சமுத்திரத்தில், ஆபிரிக்கக் கரைக்கு மேற்கே உள்ளது மடெய்ராத் தீவு. 1419ஆம் ஆண்டில் அங்கு சென்ற போர்த்துக்கேய மாலுமிகள், எங்கும் காடு அடர்ந்திருக்கக் கண்டு 'மரம்' எனப் பொருள்படும் அப்பெயரைச் சூட்டினர். குடியேறியவர்கள் முதலிற் கரும்பு பயிரிட்டுச் செல்வம் கண்டனர். பிரேசில் நாட்டுச் சர்க்கரை மலிவாக வரத் தொடங்கியதும் அச்செல்வம் கரைந்தது. அதன்பின் திராட்சையே அவர்களுக்குத் தஞ்சமாயிற்று. செங்குத்தான மலைச்சரிவுகளைப் படிப்படியாக வெட்டிக் கற்சுவர் கட்டினர். 'லெவாடா' எனப்படும் கால்வாய்களால் நெடுந்தூரத்திலிருந்து நீர் கொணர்ந்தனர். பிழிந்த சாற்றை ஆட்டுத்தோற் பைகளிற் பெய்து, தோளிற் சுமந்து, மலைப்பாதை வழியே இறங்கினர்.

தலைநகரான புஞ்சால் துறைமுகத்திலே இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் செல்லும் கப்பல்கள் தங்கி மது ஏற்றிச் செல்வது வழக்கம். நெடும்பயணத்தில் மது கெடாதிருக்க, திராட்சையிலிருந்து வடித்த சாராயத்தை அதனுடன் சேர்க்கும் முறை 18ஆம் நூற்றாண்டிற் பரவிற்று. இதன் சூட்சுமம் எளியது. மதுவம் என்னும் நுண்ணுயிர், சாற்றிலுள்ள சர்க்கரையை உண்டு மதுசாரமாக்குகிறது. அவ்வேலை முடியுமுன் வடிசாராயத்தைச் சேர்த்தால் மதுவம் மடியும். எஞ்சிய சர்க்கரை அப்படியே நிற்கும். மது இனிப்பும் வீரியமும் ஒருங்கே பெறும்.

வணிகர்கள் எதிர்பாராதது வேறொன்று. விலைபோகாது திரும்பி வந்த பீப்பாய்களைத் திறந்தபோது மது முன்னிலும் சுவை பெற்றிருந்ததாம். வெப்பவலயத்தைக் கடந்து, கப்பலின் அடித்தட்டில் மாதக்கணக்காக வெந்து குலுங்கியதே அதற்குக் காரணம். பிற மதுவைப் பாழாக்கும் சூடு இதனைப் பண்படுத்திவிட்டது! பின்னர் வேண்டுமென்றே இந்தியாவரை அனுப்பி மீட்ட மதுவுக்குத் தனிப்பெயரும் உயர்ந்த விலையும் உண்டாயின. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், கடற்பயணத்துக்குப் பதிலாகத் தீவிலேயே சூடேற்றும் அறைகளை அமைத்தனர். உயர்ந்த வகைகளை இன்றும் பீப்பாய்களில் இட்டு, கூரையின் கீழ் வெயிலின் வெப்பத்தால் ஆண்டுக்கணக்கில் முதிர விடுகின்றனர்.

வாணிகம் வளர்ந்ததற்குச் சட்டமும் துணைசெய்தது. ஐரோப்பியப் பொருள்கள் இங்கிலாந்தின் வழியாகவே அமெரிக்கக் குடியேற்றங்களுக்குச் செல்லவேண்டுமென 1663ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டம் விதித்தது. மடெய்ரா மதுவுக்கோ விலக்கு அளித்தது. 1768ஆம் ஆண்டு யூன் மாதத்தில், பொஸ்டன் நகரிலே ஜோன் ஹான்கொக் என்பாரின் 'லிபேட்டி' என்னும் கப்பலைச் சுங்க அதிகாரிகள் கைப்பற்றினர். இருபத்தைந்து பீப்பாய் மடெய்ரா மதுவுக்கே தீர்வை காட்டப்பட்டதென்றும், மேலும் பல களவாக இறக்கப்பட்டனவென்றும் ஐயம். மக்கள் கிளர்ந்தெழ, அதிகாரிகள் கோட்டைக்கு ஓடி ஒளிந்தனர். எட்டாண்டுகளின் பின் வெளியான சுதந்திரப் பிரகடனத்தில் ஹான்கொக்கின் கையொப்பமே பெரிதாகத் தோன்றியது.

கடல் தந்த வாழ்வைக் கடலே கவர்ந்தது. அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குப் பரவிய பூஞ்சண நோயொன்று 1850களின் தொடக்கத்தில் கொடிகளைத் தாக்கிற்று. 1872இல் பிலொக்செரா என்னும் பூச்சி வேர்களை அழித்தது. அதுவும் அமெரிக்கப் பூச்சியே. நோய் தாங்கும் அமெரிக்க வேர்களில் ஒட்டுக்கட்டித் தோட்டங்களை மீட்டபோதோ, வாங்குவோர் விலகினர். 1917இல் ருஷ்யப் புரட்சி மூண்டது. 1920 முதல் 1933 வரை ஐக்கிய அமெரிக்காவில் மதுவிலக்கு நடைபெற்றது. பெரிய சந்தைகள் இரண்டும் மூடப்பட்டன.

மதுவைப் புகழ்வது நமது நோக்கமன்று. திரும்பி வந்த சரக்கைக் கெட்டதென்று கொட்டிவிடாமல் திறந்து பார்த்த ஒருவரின் ஆராய்ச்சி மனம் ஒரு தீவுக்கே வாழ்வளித்ததை மாணவர்கள் எண்ணவேண்டும். ஒரே விளைபொருளையும் தொலைதூரச் சந்தையையும் நம்பி வாழ்வோரின் நிலையைப் பெரியோர் எண்ணவேண்டும். சந்தை மூடியபோது வணிகர் வேறு தொழில் தேடலாம். தோற்பை சுமந்து மலையிறங்கிய உழவருக்கோ அந்தச் சரிவும் அந்தக் கொடியுமே உண்டு.