எழுபத்தைந்து சதவீத வருகையும் எச்சில் இலையும்

வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவனைப் பாராட்டுவதில் இந்த நாட்டில் யாருக்கும் கஞ்சத்தனம் கிடையாது. செய்தித்தாளில் படம் போடுவார்கள். கல்லூரி ஆண்டு விழாவில் பொன்னாடை போர்த்துவார்கள். 'கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்த பையன்' என்று யாராவது மைக்கில் சொன்னால் முன்வரிசையில் கண்கள் கலங்கும். யாரால் கஷ்டப்பட்டான் என்று மட்டும் ஒருத்தரும் கேட்பதில்லை. இந்தப் பாராட்டின் மீது எனக்கு வெகுநாளாகவே சந்தேகம் உண்டு.

நான் பி.ஏ. வரலாறு படித்த மூன்று வருஷமும் கேட்டரிங் வேலைக்குப் போனேன். முகூர்த்த நாள்தான் எங்களுக்குச் சம்பள நாள். முந்தின நாள் சாயங்காலமே ஏஜெண்ட் வேனில் ஏற்றிக்கொண்டு போய்விடுவான். ராத்திரி ரிசப்ஷன் பந்தி, விடிகாலை டிபன், மதியச் சாப்பாடு என மூன்றையும் முடித்துக் காசு வாங்கும்போது கல்லூரியில் கடைசி மணி அடித்திருக்கும். டவுன் மண்டபம் என்றால் பிரச்சினை இல்லை, யாருக்கும் யாரையும் தெரியாது. கிராமத்துக் கல்யாணம் என்றால் சமையல் மாஸ்டர் முதலில் கேட்பது, 'தம்பி எந்த ஊரு?' அடுத்தது, 'ஊருல எந்தப் பக்கம்?' ரெண்டாவது கேள்விக்குப் பதில் சொன்னதும் கையிலிருந்த சாம்பார் வாளி வேறொருத்தன் கைக்குப் போயிடும். சோறு போடுறவன் வேற, இலை எடுக்கிறவன் வேற. நாங்கள் இலை எடுத்தோம். கல்வி சாதியை ஒழிக்கும் என்று திங்கள்கிழமை பாடம் கேட்பதற்கு, ஞாயிற்றுக்கிழமை எச்சில் இலை எடுக்கணும்.

என் வகுப்பிலேயே சொந்தக்காரரின் ஆடிட்டர் ஆபீசில் கணக்கு எழுதிச் சம்பாதித்தவன் இருந்தான். அவனும் வேலை பார்த்துக்கொண்டே படித்தவன்தான். ஆனால் அவனுக்கு அந்த வேலை படிப்பின் தொடர்ச்சி. நம்ம பையனுக்குக் கிடைப்பதோ பெயிண்ட், சித்தாள், லோடு, எச்சில் இலை. அதாவது அவன் அப்பனின் வேலை, பேண்ட் சட்டை போட்டுக்கொண்டு. 'டியூஷன் எடுக்கலாமே தம்பி' என்று ஒரு பேராசிரியர் எனக்கு அறிவுரை சொன்னார். ஊர்த்தெருவில் எந்த வீடு தன் பிள்ளையைப் பாடம் படிக்கச் சேரிக்கு அனுப்பும் என்று அவர் சொல்லவில்லை. பெண்களுக்கு இன்னும் மோசம். அதே கேட்டரிங்கில் வாசலில் நின்று பன்னீர் தெளிக்கும் வேலைக்கு நிறம் பார்த்து எடுப்பார்கள். கறுப்பாக இருந்தால் பாத்திரம் கழுவும் இடம்.

அதற்காக வேலைக்கே போகாதே என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் காசு கையில் இருந்ததால்தான் என் அப்பா எனக்காக ஆண்டை வீட்டு வாசலில் போய் நிற்கவில்லை. அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் 'உழைத்துப் படி' என்று நமக்கு உபதேசம் செய்கிறவர்கள் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தார்களா என்பதுதான் கேள்வி.

தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை 1944இல் தொடங்கியது. மத்திய அரசின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டு விதிகளைப் பாருங்கள். வீட்டிலிருந்து வந்து பி.ஏ. படிப்பவனுக்கு அதில் எழுதியிருக்கும் படிப்பு உதவி வருஷத்துக்கு 3,000 ரூபாய். வகுத்துப் பார்த்தால் நாளைக்கு 8 ரூபாய் 22 காசு. ஒரு டீக்குப் பத்தாது. விடுதியில் தங்கினால் 6,000. இதுவும் கல்லூரி திறந்த மாதம் வந்தால் புண்ணியம். எனக்கு இரண்டாம் வருஷப் பணம் மூன்றாம் வருஷம் ஜனவரியில் வந்தது. அதுவரை வயிறு காத்திருக்குமா? அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வரும் பெண்களுக்கு 2022இல் புதுமைப்பெண், பையன்களுக்கு 2024இல் தமிழ்ப்புதல்வன் என்று மாதம் 1,000 ரூபாய்த் திட்டங்கள் வந்தன. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன், எங்கள் காலத்தில் இருந்திருந்தால் எத்தனையோ முகூர்த்தங்களுக்குப் போகாமல் இருந்திருப்போம். ஆனால் அறை வாடகைக்கே அது பத்தாது.

இதற்கு மேல்தான் எழுபத்தைந்து சதவீதம். வருகை குறைந்தால் கண்டனேஷன் பணம் கட்டணும். இன்னும் குறைந்தால் பரீட்சையே எழுத முடியாது. காசில்லை என்று வேலைக்குப் போனவனிடம், வேலைக்குப் போனதற்காகக் காசு பிடுங்கும் ஏற்பாடு இது! அந்த அபராதத்தைக் கட்ட அவன் இன்னொரு முகூர்த்தத்துக்குப் போவான், இன்னொரு நாள் வருகை குறையும். இந்த விதி எல்லோருக்கும் பொதுவானதுதானே என்பார்கள். பகல் முழுக்கச் சும்மா இருக்க வசதி உள்ளவனை மனதில் வைத்துப் போட்ட பொது விதி.

அண்ணல் அம்பேத்கர் இந்த வலியை அறிந்தவர். பரோடா உதவித்தொகை முடிந்து 1917இல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பினார். 1918இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். அந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, சாகு மகராஜ் போன்றவர்களின் உதவியும் சேர, 1920இல் மறுபடி லண்டன் போனார். இப்படிப் படித்தவர் பிறகு கல்லூரி தொடங்கியபோது, 'என்னைப் போல் கஷ்டப்பட்டுப் படியுங்கள்' என்று நிறுத்திக்கொள்ளவில்லை. மக்கள் கல்விக் கழகம் 1946இல் பம்பாயில் திறந்த சித்தார்த்தா கல்லூரியில் வேலைக்குப் போகிறவர்களுக்காகக் காலை வகுப்புகள் வைக்கப்பட்டன. அதாவது மாணவனைத் திருத்தப் போகாமல் கடிகாரத்தை மாற்றினார். நம் கல்லூரிகளில் இதை யார் கேட்டோம்? காலை ஷிப்ட், மாலை ஷிப்ட் எல்லாம் இங்கேயும் இருக்கிறது. ஆனால் பல உதவிபெறும் கல்லூரிகளில் மாலை ஷிப்ட் என்றால் சுயநிதி, காலையை விடக் கட்டணம் அதிகம். வேலை செய்கிறவனுக்கு வசதியான நேரத்தைக் காசுள்ளவனுக்கு விற்கிறார்கள்.

உதவித்தொகை முதல் மாதமே வரணும், வேலைக்குப் போகிற மாணவர்களுக்கு வருகை விதி தளரணும், காலையோ மாலையோ அவர்களே தேர்ந்தெடுக்கணும். இந்தக் கோரிக்கைகள் நமது மாணவர் அமைப்புகளின் துண்டறிக்கைகளில் எத்தனையாவது வரியில் இருக்கின்றன என்று எடுத்துப் பாருங்கள். நான் பார்த்தவற்றில் பெரும்பாலும் இல்லவே இல்லை. நம் தோழர்கள் சிலருக்கு வேறொரு பழக்கமும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போடுவார்கள், வராதவனைப் பார்த்து 'அவனுக்கு உணர்வு இல்லை, காசு ஆசை' என்பார்கள். அந்த வார்த்தை என் காதிலேயே விழுந்திருக்கிறது. அடுத்த கூட்டத்துக்குத் தேதி குறிக்கும் முன் காலண்டரில் முகூர்த்த நாள் எது என்று பாருங்கள் தோழர்களே. நல்ல நேரம் பார்க்கச் சொல்லவில்லை. அன்றைக்கு நம்ம பையன்கள் எல்லாம் பந்தியில் இருப்பார்கள்.